ஆடிப் புனலா, ஐப்பசி மழையா: பழைய மழையை அறிய எந்த ஓட்டைக் கேட்பது?

திருவாரூர்ப் பக்கத்து முதுகலை மாணவி ஒருவர் போன மாதம் ஊறுகாய் ஜாடி நிறைய ஓடுகளைக் கொண்டுவந்து என் மேசையில் கொட்டினார். வேலியோரம் பொறுக்கிய நத்தை, குளம் வற்றியபோது எடுத்த மட்டி, முத்துப்பேட்டையிலிருந்து யாரோ கொடுத்தனுப்பிய இரண்டு சிப்பி. பணமும் நேரமும் ஒன்றை ஆராயத்தான் போதும். எதை அறுத்தால் பழைய மழை தெரியும் என்று கேட்டார். இவருக்கு முன்பும் இரண்டு பேர் இதே கேள்வியோடு வந்திருக்கிறார்கள். மூவரிடமும் நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: எந்த ஊர் மழை?

காவிரிப் படுகையில் இது குதர்க்கம் அல்ல. ஆடிப்பெருக்கன்று படித்துறையில் நாம் கும்பிடும் தண்ணீர் குடகு மலையில் பெய்த தென்மேற்குப் பருவமழை. ஐப்பசி அடைமழையும் கார்த்திகைக் கனமழையும் வங்கக் கடல் தருபவை. சம்பா நாற்றின் காலில் இரண்டு தண்ணீரும் ஒன்றாகத்தான் நிற்கின்றன. ஓட்டுக்குள் இருந்த உயிர் எதைக் குடித்து வளர்ந்தது என்று தெரியாமல் அதன் வேதியியலை வாசித்தால், குடகின் வறட்சியைத் தஞ்சாவூரின் கணக்கில் எழுதிவிடுவோம்.

## ஓட்டில் மழை எப்படித் தங்குகிறது

தண்ணீரில் உள்ள ஆக்சிஜன் அணுக்களில் பெரும்பாலானவற்றின் நிறை 16. ஆயிரத்தில் ஏறத்தாழ இரண்டுக்கு மட்டும் நிறை 18. மேகம் கொட்டும்போது கனமான 18 முந்திக்கொண்டு விழும். மிஞ்சிய நீராவி இலேசாகிக்கொண்டே போகும். வழியெல்லாம் கொட்டிக்கொண்டே வந்த மேகத்தின் மழையில் ஆக்சிஜன்-18 குறைவாக இருப்பது இதனால்தான். வெப்ப மண்டலத்தில் மழை பெருகப் பெருக 18 குறையும் என்ற போக்கை 1964இல் டென்மார்க்கின் டான்ஸ்கார்ட் எடுத்துக்காட்டினார். நத்தையோ மட்டியோ சிப்பியோ கால்சியம் கார்பனேட்டால் ஓட்டைக் கட்டும்போது அந்த விகிதம் ஓட்டுக்குள் பதிந்துவிடுகிறது. ஓட்டிலிருந்து பழைய கடலின் வெப்பத்தை அளக்கலாம் என்று 1947இல் அமெரிக்க வேதியியலாளர் ஹரால்டு யூரே வழிகாட்டினார். மழையைத் தேடுபவர்கள் அந்த வண்டியில் பிறகு ஏறிக்கொண்டவர்கள்.

நம் பகுதிக்கு இதில் ஓர் அதிர்ஷ்டம் உண்டு. வடகிழக்குப் பருவமழை, அதிலும் புயல் மழை, ஆக்சிஜன்-18 குறைந்தது. காவிரித் தண்ணீரோ அரபிக் கடலிலிருந்து வந்து மலையில் மோதிய உடனே விழுந்த மழை. அணைகளில் தேங்கி வெயிலில் ஆவியாகி மேலும் கனமேறி வருவது. ஆகவே ஆடி நீர் கனம், ஐப்பசி நீர் இலேசு. இரண்டையும் பிரித்தறிய வழி இருக்கிறது.

வெப்பமும் கணக்கில் குறுக்கிடும். ஒரு பாகை செல்சியஸ் கூடினால் ஓட்டின் ஆக்சிஜன்-18 அளவு (இனி ‘ஓட்டின் அளவு’ என்றால் இதுதான்) ஆயிரத்துக்குச் சுமார் 0.2 குறையும். மார்கழிக்கும் சித்திரைக்கும் இடையே ஆறேழு பாகை மாறும் ஊரில் இதைக் கழிக்காமல் மழையைப் பற்றிப் பேச முடியாது.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், ஓடு எழுதும் நீர் எங்கிருந்து வந்தது என்பது. இரண்டாவது, அந்த உயிர் எப்போது தூங்குகிறது என்பது. வளராத மாதத்தில் ஓட்டில் பக்கமே கிடையாது. மூன்றாவது, பழைய ஓடு கிடைக்குமா, கிடைத்தால் அதன் வயதை நம்பலாமா. நான்காவது செலவு. ஆய்வகக் கட்டணத்தை மட்டும் பார்ப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஒரு மாதிரிக்கு வேண்டிய தூள் 100 மைக்ரோகிராம் அளவுதான். ஆனால் ஒரே ஓட்டில் வளர்ச்சித் திசையில் 40, 50 துளைகள் போட வேண்டும். ஓர் ஓட்டை வைத்து ஊரைப் பேச முடியாது. உயிரோடு இருக்கும் இனத்தையும் அது வாழும் நீரையும் ஓராண்டாவது தொடர்ந்து அளக்காமல் பழைய ஓட்டின் எண்ணுக்குப் பொருளே இல்லை. இந்தக் கடைசிச் செலவை யாருடைய திட்ட அறிக்கையிலும் நான் பார்த்ததில்லை.

## வேலியோர நத்தை

ஐப்பசி மழைதான் வேண்டும் என்பவருக்கு இதுவே நேரான வழி. நில நத்தைக்கு வாய்க்காலும் தெரியாது, மேட்டூரும் தெரியாது. வானத்திலிருந்து விழுந்த நீரும் இலை ஈரமும் பனியுமே அதன் உடலுக்குள் போகின்றன. தமிழகத்தில் பரவலாகக் காணப்படும் கிரிப்டோசோனா இன நத்தை இதற்கு ஏற்றது.

ஆனால் அது உள்ளபடியே எழுதுவதில்லை. உடலின் ஈரம் ஆவியாவதால் ஓட்டின் அளவு மழைநீர் தர வேண்டிய அளவைவிடக் கனமாகவே வரும். எவ்வளவு கனம் என்பது அந்த இரவுகளின் காற்றீரத்தைப் பொறுத்தது. ஆக, நத்தை ஓடு மழையின் தன்மையையும் காற்றின் ஈரத்தையும் ஒரே எண்ணில் கலந்து தருகிறது. நல்ல பருவமழையில் இரண்டும் ஒரே பக்கம் சாய்வதால் ஈர ஆண்டையும் காய்ந்த ஆண்டையும் பிரிக்கலாம். இத்தனை மில்லிமீட்டர் என்று சொல்பவரை நான் நம்ப மாட்டேன்.

தூக்கம் இன்னொரு சிக்கல். காய்ந்தால் நத்தை வாயை மெல்லிய படலத்தால் மூடிக்கொண்டு உள்ளே போய்விடும். வறட்சி ஓட்டில் வறட்சியாகப் பதியாது. வெறும் ஒரு கோடாக, சில சமயம் கோடுகூட இல்லாமல் போகும். வறட்சியை ஆராய வந்தவர் நத்தையைத் தேர்ந்தால், விடுமுறையில் போன கணக்கரிடம் அந்த மாதத்துக் கணக்கைக் கேட்டது போலாகும்.

அடுத்தது என் சொந்த அவமானம். வாய்க்கால் கரை இடிந்து தெரிந்த மண்ணடுக்கில், ஓர் ஆள் ஆழத்தில், பெரிய நத்தை ஓடு ஒன்று கிடைத்தது. பல நூற்றாண்டுப் பழசு என்று பூரித்து அதில் 38 துளைகள் போட்டேன். அது ஆப்பிரிக்க ராட்சத நத்தை. அந்த இனம் இந்தியாவுக்கு வந்ததே 1847இல், கொல்கத்தா வழியாக. எலி வளையில் விழுந்தோ கரை சரிந்தோ கீழே போயிருக்கிறது. அதன் ஓடு பெரிது, தடிமன், துளைபோட எளிது. இன்றைய மழையோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க அருமையான பொருள். பழங்காலத்துக்கு அது சாட்சி அல்ல. பழைய அடுக்கில் அது கிடைத்தால், அடுக்கு கலைந்திருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி.

## வயல் நத்தையும் குளத்து மட்டியும்

வயல் நத்தையைக் கறிக்குப் பிடிப்பவர்களுக்கு அதன் நாட்காட்டி என்னைவிட நன்றாகத் தெரியும். கோடையில் மண்ணுக்குள் மூடிக்கொண்டு கிடக்கும். தண்ணீர் வந்ததும் எழும். மேட்டூர் ஜூன் 12இல் திறந்தால் அது குடிப்பது குடகு நீர். ஐப்பசிக்குப் பின் வானத்து நீர். ஒரே ஓட்டின் சுருளில், வாய்ப்பக்கம் போகப் போக, ஆடியிலிருந்து ஐப்பசிக்கு மாறும் இடம் இறங்கு கோடாகத் தெரிய வேண்டும். கேட்கவே இனிக்கும் யோசனை. நடைமுறையில் வயலில் நிற்பது சில அங்குலத் தண்ணீர். நான்கு நாள் வெயிலில் அதன் ஆக்சிஜன்-18 தாறுமாறாக ஏறிவிடும். முறைப்பாசனத்தில் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் தண்ணீர் வந்தால் அந்த ஏற்ற இறக்கமும் ஓட்டில் ஏறும். ஆழ்துளைக் கிணறு உள்ள வயலானால் மூன்றாவதாக ஒரு நீரும் சேர்ந்துகொள்கிறது. வயல் நத்தையை நான் ஒருவருக்கும் பரிந்துரைப்பதில்லை.

மட்டி வேறு. பல ஆண்டு வாழும், ஓரளவு தெளிவான வளர்ச்சி வரிகள் போடும், ஓடு கெட்டியானது. எங்கே வாழ்ந்தது என்பதைப் பொறுத்து அதன் மொழி மாறும். ஆற்றிலும் பெரிய வாய்க்காலிலும் எடுத்த மட்டி காவிரி நீரை எழுதும். மன்னார்குடி ஹரித்ரா நதி, திருவாரூர் கமலாலயம் போன்ற பெருங்குளங்களில் வாழும் மட்டி எழுதுவது வரவுக்கும் ஆவியாதலுக்கும் இடையிலான இழுபறி. கோடையில் நீர்மட்டம் இறங்க இறங்க ஓட்டின் அளவு ஏறும். புதுத் தண்ணீர் வந்ததும் சட்டென்று விழும். அந்த வீழ்ச்சியை மழை என்று படிப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. வாய்க்கால் தலைப்பில் ஷட்டரைத் தூக்கினாலும் அதே வீழ்ச்சிதான் வரும்.

நத்தை தராத ஒன்றை மட்டி தரும்: வறட்சி. தண்ணீர் இருக்கும்வரை அது எழுதிக்கொண்டே இருக்கிறது. குளம் சுருங்கிய ஆண்டுகளைத் தேடுபவர் இதைத்தான் எடுக்க வேண்டும்.

மட்டி ஓடு அரகோனைட் என்ற கால்சியம் கார்பனேட் படிகம். மண்ணில் கிடந்தோ சூடுபட்டோ அது கால்சைட் என்ற வேறு படிகமாக மாறினால் பழைய பதிவு போய்விடும். துளைக்கருவியை வேகமாகச் சுழற்றினால் அந்த உரசலிலேயே ஒரு பகுதி மாறிவிடும். எக்ஸ்-கதிர்ச் சோதனை முதலில், துளை பிறகு. கார்பன்-14 கொண்டு வயது பார்ப்பதிலும் எச்சரிக்கை தேவை: நீரில் சுக்கான் பாறையின் பழைய கார்பன் கரைந்திருந்தால் ஓடு உண்மையைவிட முதிர்ந்ததாகத் தெரியும்.

## கழிமுகச் சிப்பி

கொள்ளிடம் கடலில் சேரும் பழையாறு, வெண்ணாற்றுக் கிளைகள் போய் முடியும் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு: இங்கெல்லாம் வாழும் சிப்பி, படுகை முழுவதையும் ஒரே இடத்தில் கூட்டிப் பார்க்கும் கணக்குப்பிள்ளை. கடல்நீர் கனம், ஆற்று நீர் இலேசு. வெள்ளம் வந்தால் ஓட்டின் அளவு விழும். கோடையில் ஆறு நின்று, உப்பு கடல்நீரையே மிஞ்சும்போது ஏறும். மேல் ஓடும் கீழ் ஓடும் சேரும் கீல் பகுதியை அறுத்தால் ஆண்டு வரிகள் அடுக்கடுக்காக நிற்கும். சிப்பியின் ஓடு பெரும்பாலும் கால்சைட், ஆகவே மண்ணுக்குள் அரகோனைட்டைவிட நன்றாகத் தாங்கும். கடல் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற மணல்மேடுகள் வேதாரண்யம் பக்கம் வரிசையாகக் கிடக்கின்றன. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பின்னால் போக வேண்டுமானால் படுகையில் அகழ வேண்டியது அவ்வகை இடங்களைத்தான்.

இந்தப் பெரிய வரவுக்கு மூன்று பெரிய செலவுகள் உண்டு.

சிப்பி உப்பில்லாத நீரைத் தாங்காது. பெருவெள்ளம் முகத்துவாரத்தை நன்னீராக்கும்போது ஓட்டை இறுக்கி மூடிக்கொள்ளும், நீண்டால் செத்துப்போகும். நாம் தேடும் உச்ச வெள்ளத்தின் அன்றுதான் அது எழுதுவதை நிறுத்துகிறது. 1924 ஜூலை வெள்ளம் போன்ற ஒன்று ஓட்டில் பெரும் பள்ளமாகத் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். அறுபட்ட வரியாகவே தெரியலாம்.

இரண்டாவது, வயது. கடல்நீரின் கார்பன் பழையது என்பதால் கடல் உயிரின் ஓடு உயிரோடு இருக்கும்போதே உலக சராசரியாக 400 ஆண்டு முதுமை காட்டும். கழிமுகத்தில் கடலும் ஆறும் எந்த விகிதத்தில் கலந்தன என்பதைப் பொறுத்து இந்தத் திருத்தமும் மாறும். நூற்றாண்டுக் கணக்கில் பேசுபவருக்கு இது பெரிய தலைவலி.

மூன்றாவதுதான் என் முக்கியமான சண்டை. கிருஷ்ணராஜசாகர் கட்டி, 1934இல் மேட்டூரும் வந்த பிறகு, கழிமுகத்துக்கு வரும் தண்ணீர் வானம் விட்டது அல்ல, மனிதன் விட்டது. 1836இல் முக்கொம்பில் மேலணை வந்தபோதே கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் பாகம் பிரிக்கும் வேலை நம் கைக்கு வந்துவிட்டது. அதற்கும் முன்னால் கல்லணை இருக்கிறது. 1934க்குப் பிந்தைய சிப்பியில் நீங்கள் படிப்பது மழைக் கணக்கு அல்ல, மதகுக் கணக்கு. இன்றைய சிப்பியை வைத்து அளவுகோல் செய்து, அதைக் கொண்டு 300 ஆண்டுக்கு முந்தைய சிப்பியின் மழையை அளப்பவர்கள் இரண்டு வேறு ஆறுகளை ஒன்றாக நினைக்கிறார்கள்.

இந்தச் சண்டையில் உதவிக்கு வரக்கூடியது ஸ்ட்ரான்சியம் என்ற தனிமம். அதன் நிறை 87, 86 கொண்ட அணுக்களின் (ஐசோடோப்களின்) விகிதம் கடல்நீரில் உலகெங்கும் 0.7092. காவிரி மிகப் பழமையான நைஸ் பாறைகளின் மேல் ஓடி வருவதால் அதன் விகிதம் அதைவிடக் கூடுதல். வெப்பமும் ஆவியாதலும் இதைத் தொடுவதில்லை என்பதால், ஆக்சிஜன் குழப்பும்போது இது கைகொடுக்கும். ஆனால் கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஸ்ட்ரான்சியம் இருக்கிறது. ஆற்றில் இருப்பது அதில் சிறு பங்கு. உப்பு மிகுந்த நாட்களில் கடலின் இரைச்சலில் ஆற்றின் குரல் கேட்காது. நீர் நன்றாக நன்னீராகும்போதுதான் கேட்கும். சிப்பி வாயை மூடும் நேரமும் ஏறக்குறைய அதுதான்! பேரியத்துக்கும் கால்சியத்துக்கும் உள்ள விகிதத்தையும் சேர்த்து அளப்பவர்கள் உண்டு. ஆற்று நீர் கூடினால் அது ஏறும். ஒன்றை மட்டும் நம்பாமல் மூன்றையும் அளக்க வசதி இருந்தால் மட்டும் சிப்பிக்குப் போங்கள். அலையாத்திக் காட்டில் எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

## ஏரி வண்டலின் பொடி ஓடுகள்

கடுகைவிடச் சிறிய, இரண்டு ஓடு கொண்ட ஆஸ்ட்ரகாட் என்ற உயிர் ஏரி வண்டலில் அடுக்கடுக்காகக் கிடக்கும். ஓட்டைக் கழற்றிக் கழற்றி வளரும். ஒவ்வொரு ஓடும் சில நாட்களில் கட்டப்பட்டது, ஆகவே ஒவ்வொன்றும் ஒரு கணப் படம். வெளிநாட்டு ஏரி ஆய்வுகளில் இதற்கு நல்ல பெயர் உண்டு. இங்கே தடங்கல் குடிமராமத்து. தலைமுறை தலைமுறையாக நாம் ஏரியைத் தூர் வாரி வண்டலை வயலில் கொட்டியிருக்கிறோம். விவசாயத்துக்குப் புண்ணியம், அடுக்கைப் படிக்க வந்தவனுக்குச் சாபம். வீராணம் போன்ற சோழர் காலத்து ஏரிகூடக் கொள்ளிடத்து நீரை வடவாறு வழியாகப் பெறுவதால், தூர் வாராத மூலை கிடைத்தாலும் மறுபடி ஆற்றுக் கணக்குதான் வரும்.

## தொடக் கூடாத ஓடுகள்

பழைய வீட்டுச் சுவரின் கிளிஞ்சல் சுண்ணாம்பை ஒருவர் கொண்டுவந்தார். காளவாயில் சுட்டபோதே ஓட்டின் கரியமில வாயு போய்விட்டது. சுவரில் இறுகும்போது காற்றிலிருந்து புதிதாக ஏற்றது. மழை அதில் இல்லை. பழைய ஊர் மேடுகளில் கிடைக்கும் சங்கு வளையல் துண்டும் அப்படியே: சங்கு கடல் பொருள், மன்னார் வளைகுடாப் பக்கமிருந்து வாணிபமாக வந்திருக்கலாம். கிடைத்த இடம் வேறு, வளர்ந்த இடம் வேறு.

## ஒரே பார்வையில்

| ஓடு | எழுதும் நீர் | எழுதாத காலம் | மறைவான செலவு |
|---|---|---|---|
| வேலியோர நத்தை | உள்ளூர் மழை, காற்றீரம் | காய்ந்த மாதங்கள் | ஏராளமான ஓடுகள். இனம் தவறினால் எல்லாம் வீண் |
| வயல் நத்தை | எல்லாம் கலந்தது | கோடை | ஆவியாதலின் கூத்து |
| ஆற்று மட்டி | குடகு நீர், அணை நீர் | ஆறு வறண்டால் | ஷட்டர் திறந்த தேதிகளைத் தேட வேண்டும் |
| குளத்து மட்டி | வரவும் ஆவியாதலும் | குளம் வற்றினால் | குளத்தின் நீர்மட்டப் பதிவு வேண்டும் |
| கழிமுகச் சிப்பி | படுகை முழுவதும், கடலோடு கலந்து | உச்ச வெள்ளம் | வயதுத் திருத்தம், ஸ்ட்ரான்சியம், அனுமதி |

## யாருக்கு எது

ஒரு ஊரின் வடகிழக்குப் பருவமழை வேண்டும், கடந்த நூறு ஆண்டு போதும் என்றால் உள்நாட்டு நில நத்தை. தோண்டுவதைவிட, நாளும் ஊரும் எழுதிய சீட்டோடு அருங்காட்சியகத் தொகுப்புகளில் இருக்கும் ஓடுகளைக் கேட்டுப் பாருங்கள். வயது பார்க்கும் செலவே இல்லை. ஓட்டைத் துளைக்க அனுமதி வாங்குவதுதான் பொறுமையைச் சோதிக்கும்.

குடகு மழையின் ஏற்ற இறக்கம் கடைமடைவரை எப்படி வந்தது என்பவருக்கு ஆற்று மட்டி. அதையும் 1934க்கு முன், பின் என்று இரண்டு குவியலாகப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் ஒரே கோட்டில் இணைத்து வரைய வேண்டாம். குளங்களின் வறட்சிக்குக் குளத்து மட்டி. பல நூற்றாண்டு, ஆயிரமாண்டு என்று கேட்பவருக்குச் சிப்பியைத் தவிர வழியில்லை. அது ஒரு மாணவர் ஓராண்டில் முடிக்கும் வேலையும் இல்லை.

ஜாடிக்கு வருவோம். வேலியோர நத்தைகள் அத்தனையும் ஆப்பிரிக்க ராட்சதன். சிப்பி இரண்டும் முத்துப்பேட்டையில் எந்தத் துறையில், எந்த மாதத்தில் எடுத்தவை என்று கொடுத்தவருக்கே தெரியவில்லை. மிஞ்சியது மட்டி ஐந்து. குளம் வற்றிய ஆண்டும் குளத்தின் பெயரும் அவருக்கு நன்றாக நினைவிருந்தன. அவர் தேடியது ஐப்பசி மழை. கையில் இருந்தது குளத்தின் வறட்சி. ஒருநாள் யோசித்துவிட்டு ஆய்வேட்டின் தலைப்பை மாற்றிக்கொண்டார். ஓட்டை மாற்றுவதைவிடக் கேள்வியை மாற்றுவது மலிவு என்று நானும் சொன்னேன்.

ஓட்டை அறுக்கும் முன் அவருக்குக் கொடுத்த வேலை தண்ணீர் பிடிப்பது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை குளத்தில் ஒரு புட்டி, வாய்க்காலில் ஒரு புட்டி, மழை பெய்யும் நாளெல்லாம் மொட்டைமாடியில் ஒரு புட்டி. விளிம்புவரை நிரப்ப வேண்டும்; காற்றுக்குமிழ் இருக்கக் கூடாது; மூடி இறுக வேண்டும்; நாளும் நேரமும் நீரின் வெப்பமும் அங்கேயே எழுத வேண்டும். மழைப்பாத்திரத்தை மறுநாள்வரை வெயிலில் விட்டால் அந்தப் புட்டி வீண். முதல் புட்டி ஆனி கடைசியில், வாய்க்காலில் தண்ணீர் வருவதற்கு முந்தைய நாள், குளத்தின் அடியில் கிடக்கும் கலங்கலிலிருந்து எடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.